எரிவாயுக் குழாயும் மக்கள் அறிய வேண்டிய கணக்கும்

எரிவாயுக் குழாய் குறித்த விவாதம் தமிழ்நாட்டில் பெரும்பாலும் வயலில் தொடங்கி நீதிமன்றத்தில் முடிகிறது. கோவை முதல் கிருஷ்ணகிரி வரை 7 மாவட்டங்களின் வழியே செல்லவிருந்த கெயில் குழாய்த் திட்டத்தை 2013-இல் தமிழக அரசு தடுத்தது. உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அரசின் மேல்முறையீட்டை நிராகரித்தது. நிலம், இழப்பீடு, அதிகாரம் ஆகியவை பேசப்பட்ட அளவுக்கு, குழாயை வடிவமைக்கும் கணக்கு பேசப்படுவதில்லை. விவசாயியின் அச்சத்துக்கு விடை அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நீர் ஓடுவதுபோல, அழுத்தம் மிகுந்த முனையிலிருந்து குறைந்த முனைக்கு வாயு ஓடுகிறது. வழியெங்கும் உராய்வால் அழுத்தம் குறையும். அதை ஈடுசெய்ய இடையிடையே கம்ப்ரசர் நிலையங்கள் வேண்டும். கிளைகள் பெருகினால் கணக்கும் சிக்கலாகும். வலைப்பின்னல் குழாய்களின் ஓட்டத்தைக் கையால் கணக்கிடும் முறையை 1936-இல் அமெரிக்கப் பொறியாளர் ஹார்டி கிராஸ் வகுத்தார். இன்று அதைக் கணினி செய்கிறது. எந்த நேரத்தில், எந்த இடத்தில், எவ்வளவு அழுத்தம் இருக்கும் என்பதைக் குழாய் பதிப்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறது.

விபத்தையும் அவ்வாறே கணக்கிடலாம். குழாய் உடைந்தால் அழுத்தம் வீழ்ந்த செய்தி வாயுவுக்குள் ஒலியின் வேகத்தில், நொடிக்குச் சுமார் 400 மீட்டர் பரவும், 100 கி.மீ. தொலைவை எட்ட ஏறத்தாழ 4 நிமிடம் ஆகும். இருபுற வால்வுகளையும் மூடிய பிறகும் இடைப்பட்ட வாயு வெளியேறிக்கொண்டே இருக்கும். ஆகவேதான், மக்கள் நெருக்கம் மிகுந்த இடங்களில் வால்வுகளை அருகருகே அமைக்க வேண்டியுள்ளது.

ஆனால், எந்தக் கணித மாதிரியும் அதன் அனுமானங்கள் மெய்யாக இருக்கும்வரைதான் நம்பத்தக்கது. 2014 ஜூன் 27 அன்று ஆந்திரத்தின் நகரம் என்னும் ஊரில் கெயில் குழாய் வெடித்து 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உலர் வாயுவுக்கான குழாயில் ஈரம் கலந்த வாயு சென்றதும், அதனால் உட்புறம் அரிப்பு ஏற்பட்டதும் விசாரணையில் வெளிப்பட்டன. தாளில் இருந்த வாயு வேறு. குழாயில் ஓடிய வாயு வேறு.

மக்கள்தொகையும் ஓர் அனுமானமே. நான் வசிக்கும் வேங்கிக்காலில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தைச் சுற்றி விளைநிலங்கள் மனைகளாக மாறியதைக் கண்டிருக்கிறேன். திருவண்ணாமலையும் 2024-இல் மாநகராட்சியாகிவிட்டது. இத்தகைய ஊரை வயல்வெளியாகக் கருதிப் போட்ட கணக்கு, சில ஆண்டுகளிலேயே பொருளற்றதாகிவிடும். ஊர் வளரும்போது கணக்கையும் புதுப்பிக்க வேண்டும்.

குழாய் பதிப்புக்கான 1962-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிலத்தின் உரிமை விவசாயியிடமே இருக்கும். எனினும், குழாய் செல்லும் பகுதியில் அவர் வீடு கட்டவோ, கிணறு வெட்டவோ, மரம் நடவோ முடியாது. ஆட்சேபம் தெரிவிக்க அவருக்கு 21 நாள்கள் உண்டு. அப்போது அவர் கையில் வெறும் சர்வே எண் பட்டியல் மட்டும் இருந்தால், எதை வைத்துக் கேள்வி கேட்பார்?

பாதுகாப்புக் காரணங்களைச் சொல்லி நிறுவனங்கள் தயங்கக்கூடும். முழு மென்பொருளையோ வரைபடத்தையோ யாரும் கேட்கவில்லை. குழாயின் உச்ச அழுத்தம், உடைந்தால் பாதிக்கப்படும் தொலைவு, வால்வு மூட ஆகும் நேரம், கணக்கில் கொண்ட மக்கள்தொகை, கடைசியாகப் புதுப்பித்த ஆண்டு ஆகிய ஐந்தும் இருந்தால் போதும். இவற்றைத் தமிழில் ஒரே பக்கத்தில் அச்சிட்டு, ஊராட்சி அலுவலகத்திலும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் வைக்கலாம். எரிவாயு நாட்டுக்குத் தேவை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதைத் தன் நிலத்தின் அடியில் தாங்கி நிற்பவருக்கு இந்த ஒரு பக்கத்தையாவது தர வேண்டியது அரசின் கடமை.