வில்வக்காயும் சுண்டெலிச் சோதனையும்

இரும்பை மாகாளேசுவரர் கோயில் போன்ற சிவத்தலங்களில் வில்வ இலை அர்ச்சனைக்கு உரியது. காயோ வீட்டு வைத்தியத்துக்கு உரியது. பழுக்காத காயை உடைத்துச் சதையை உலர்த்தி வைத்து, வயிற்றுப்போக்கு கண்டால் கஷாயமிட்டுக் கொடுப்பது பழைய வழக்கம். ஆராய்ச்சியாளர்களே ஒப்புக்கொண்ட மருந்து என்று நம்பி, கஷாயத்தோடு நின்றுவிடுவதுதான் ஆபத்து.

2001-ல் வெளியான ஆய்வு ஒன்றில் சுண்டெலிகளுக்கு விளக்கெண்ணெய் புகட்டினார்கள். பெரியவர்கள் குடல் சுத்தத்துக்குக் குடித்த அதே எண்ணெய்தான். அந்த எலிகளுக்கு வில்வக்காய் உள்ளிட்ட நான்கு மூலிகைகளின் சாரத்தைக் கொடுத்ததில், கழிவின் எடை குறைந்தது. ஆனால் நீரில் எடுத்த சாரத்தைவிட, மெத்தனால் என்ற சாராய வகையில் எடுத்த சாரமே நன்றாக வேலை செய்தது. மெத்தனால் விஷம், எந்த வீட்டிலும் அதில் கஷாயம் வைப்பதில்லை. மேலும் எண்ணெயால் வரும் பேதி வேறு, அசுத்த நீரால் வரும் பேதி வேறு.

குடியானவருக்கு அதிகம் பயன்படுவது, மும்பையில் நடந்து 2009-ல் வெளியான ஆய்வு. அதில் எலி இல்லை. வீட்டில் செய்வதுபோல் நீரில் காய்ச்சிய கஷாயத்தைக் கிருமிகளிடம் சோதித்தார்கள். ஜியார்டியா, ரோட்டா வைரஸ் ஆகியவை அடங்கின. சோதித்த பாக்டீரியாக்கள் எதுவும் சாகவில்லை. ஆனால் அவை மனித உயிரணுக்களில் ஒட்டிக்கொள்வது குறைந்தது. காலரா நச்சின் உற்பத்தியும் குறைந்தது. ஆக, பாட்டி வைத்தியத்தில் பொருள் இருக்கிறது. ஆனால் இதுவும் கண்ணாடிக் குப்பிக்குள் கண்ட பலன்தான்.

உடம்பு இழந்த நீரை எந்தக் காயும் திருப்பித் தராது. வெயிலில் உப்பு வாரும் மரக்காணம் தொழிலாளிக்கு, வியர்வையோடு நீரும் உப்பும் போனால் உடல் எப்படித் துவளும் என்பது தெரியும். பேதியில் குழந்தைக்கு அந்த இழப்பு சில மணி நேரத்தில் நேர்கிறது. 1971-ல் வங்க அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொண்டே பெருவாரியான உயிர்களைக் காத்தார். காய்ச்சி ஆறிய 1 லிட்டர் நீருக்கு, தலைதட்டி 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடக்கூடாது. தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் உப்புக்கரைசல் பொட்டலமும் துத்தநாக மாத்திரையும் கிடைக்கும். மலத்தில் இரத்தம் கண்டாலோ, கண் குழிந்து சிறுநீர் நின்றாலோ உடனே ஆஸ்பத்திரிதான்.

கஷாயம் அதற்குப் பிறகு, பெரியவர்களுக்கு. அதிலும் காய்தான்; பழுத்த வில்வம் மலத்தை இளக்கும். களர் நிலத்தையும் தாங்கும் இம்மரத்தை வரப்போரம் வைக்கலாம். காயைப் பச்சையாக இருக்கும்போதே பறித்து, வில்லைகளாக அறுத்து உலர்த்த வேண்டும்.