33 ஆண்டுகளாக அங்கேயே இருந்த கயிறு

எம்.ஏ. படிக்கும்போது 'வாட்ச்மென்' காமிக்ஸை நண்பன் ஒருவனின் லேப்டாப்பில் ஒரே ராத்திரியில் படித்து முடித்தேன். ஆலன் மூர் எழுதி, டேவ் கிப்பன்ஸ் வரைந்து 1986, 87இல் வந்தது. அதில் ஹூடட் ஜஸ்டிஸ் என்றொரு பாத்திரம். அந்தக் கதையின் உலகத்தில் முகமூடி போட்டுக்கொண்டு ரவுடிகளை அடிக்கக் கிளம்பிய முதல் ஆள் அவர்தான். தலை முழுவதையும் மூடும் கறுப்பு முக்காடு. கழுத்தில் தடித்த தூக்குக்கயிறு. முக்காட்டுக்குள் இருப்பவர் யார் என்று காமிக்ஸ் கடைசிவரை உறுதியாகச் சொல்வதில்லை. ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு சர்க்கஸ் பயில்வானாக இருக்கலாம் என்று ஒரு சந்தேகம் மட்டும் வந்து போகும். நானும் அதை அப்படியே நம்பிவிட்டேன்.

கழுத்தில் கயிறு, தலையில் முக்காடு. இடம் அமெரிக்கா, காலம் 1930களின் கடைசி. கறுப்பர்களை மரத்தில் தொங்கவிட்டுப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்ட கும்பல்களைப் பற்றி அதற்கு முன்பே படித்தவன்தான் நான். அந்தப் போட்டோக்கள் தபால் அட்டைகளாக அச்சடித்து விற்கப்பட்டதும் தெரியும். இருந்தும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. சூப்பர் ஹீரோ என்றால் உள்ளே இருப்பவர் வெள்ளையர்தான் என்று என் மண்டைக்குள் யார் எப்போது எழுதிவைத்தார்கள்?

ஹெச்பிஓவின் 'வாட்ச்மென்' தொடரின் ஆறாவது எபிசோடு இந்தக் கேள்வியைத்தான் மூஞ்சியில் எறிந்தது. மொத்தம் ஒன்பது எபிசோடு. இதை எழுதும் 2019 நவம்பரில் இன்னும் மூன்று பாக்கி. முடிவதற்கு முன்பே எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு. கடைசி மூன்றில் இந்தத் தொடர் சொதப்பினாலும், ஆறாவதில் அது செய்த காரியத்தை நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம். கதையை மறைத்துக்கொண்டு எழுத முடியாது.

தொடர் தொடங்குவது 1921இல், ஓக்லஹோமா மாநிலத்தின் துல்சா நகரத்தில். ஒரு கறுப்பினச் சிறுவன் தியேட்டரில் தனியாக உட்கார்ந்து மௌனப்படம் பார்க்கிறான். அவன் அம்மா பியானோ வாசிக்கிறார். திரையில் பாஸ் ரீவ்ஸ். இவர் கற்பனை ஆள் இல்லை. 1838இல் அடிமையாகப் பிறந்து, பின்னாளில் அமெரிக்க அரசின் துணை மார்ஷலாகி, ஆயிரக்கணக்கான குற்றவாளிகளைப் பிடித்தவர். படத்தில் அவர் திருட்டு ஷெரீஃப் ஒருவனைக் கயிறு வீசிப் பிடிக்கிறார். ஊர்க்காரர்கள் அவனை அங்கேயே தூக்கில் போடலாம் என்கிறார்கள். கும்பல் நீதி வேண்டாம், சட்டத்தை நம்புங்கள் என்கிறார் ரீவ்ஸ். சிறுவனுக்கு வசனம் மனப்பாடம். அவர் சொல்வதற்கு முன்பே இவன் சொல்கிறான். அடுத்த நிமிடம் தியேட்டருக்கு வெளியே துப்பாக்கிச் சத்தம்.

அந்த ஐந்து பத்து நிமிடங்களில் காட்டப்படுவதெல்லாம் நடந்தது. 1921 மே 31, ஜூன் 1. துல்சாவின் கிரீன்வுட் பகுதி, கறுப்பர்கள் கடை, ஓட்டல், தியேட்டர், மருத்துவமனை என்று தங்கள் காலில் நின்ற இடம். 35 தெருச் சதுக்கங்கள் எரிக்கப்பட்டன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் சாம்பலாயின. சுமார் 10,000 பேர் வீடிழந்தார்கள். செத்தவர்கள் 36 பேர் என்றது அரசுக் கணக்கு. 300 வரை இருக்கலாம் என்கிறார்கள் வரலாற்றாய்வாளர்கள். சட்டத்தை நம்பச் சொன்ன அந்த வசனத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அன்று துல்சா போலீஸ், தாக்க வந்த வெள்ளையர்களையே சிறப்புக் காவலர்களாக நியமித்தது. எரித்த கையில் சட்டத்தின் அதிகாரமும் இருந்தது.

பிறகு அதற்கு 'கலவரம்' என்று பெயர் வைத்தார்கள். கலவரத்தில் ஏற்பட்ட சேதத்துக்கு இழப்பீடு கிடையாது என்று காப்பீட்டு நிறுவனங்கள் கையை விரித்தன. ஒரு சொல் எத்தனை வீட்டை இரண்டாம் முறை எரிக்கும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். சேரிக்குள் புகுந்து அடித்துவிட்டுப் போனதை 'இரு பிரிவினரிடையே மோதல்' என்று நாளிதழில் படித்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கொன்று புதைத்த இடங்களைத் தேட துல்சா நகர நிர்வாகம் கல்லறைத் தோட்டத்தில் ராடார் கருவியோடு இறங்கியதே 2019 அக்டோபரில்தான். 98 ஆண்டுகள் கழித்து.

இவ்வளவு வலுவாகத் தொடங்கிய தொடர்மீது முதல் வாரம் எனக்குக் கோபம்தான் வந்தது.

கதை 2019க்குத் தாவுகிறது. அந்த அமெரிக்காவில் ராபர்ட் ரெட்ஃபோர்டு பல ஆண்டுகளாக ஜனாதிபதி. இனவெறித் தாக்குதலில் பாதிக்கப்பட்டவர்களின் வாரிசுகளுக்கு அரசு இழப்பீடு கொடுக்கிறது. அதைப் பொறுக்காத வெள்ளைவெறி அமைப்பான ஏழாம் குதிரைப்படை, காமிக்ஸில் வந்த ரோர்ஷாக்கின் முகமூடியைப் போட்டுக்கொண்டு போலீஸ்காரர்களின் வீடு புகுந்து கொல்கிறது. அதனால் போலீஸ்காரர்களும் முகமூடி போடுகிறார்கள். கதாநாயகி ஏஞ்சலா ஏபார் அப்படியொரு முகமூடிப் போலீஸ். ரெஜினா கிங் நடித்திருக்கிறார். அவர் நடந்து வந்தாலே போதும், நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆனால் நடப்பது என்ன? முதல் எபிசோடில் ஒரு கறுப்பினப் போலீஸ்காரர் ஒரு வெள்ளைக்கார டிரைவரின் வண்டியை நிறுத்துகிறார். துப்பாக்கியை எடுக்க மேலிடத்து அனுமதி கேட்டு அவர் காத்திருக்கும் நேரத்தில் டிரைவர் அவரைச் சுட்டுவிடுகிறான். அமெரிக்கத் தெருக்களில் எது நடக்கிறதோ அதன் நேர் தலைகீழ். பிறகு ஏஞ்சலா தகர வண்டி வீடுகளில் வாழும் ஏழை வெள்ளையர்களின் குடியிருப்பில் புகுந்து ஒருவனை அள்ளிக்கொண்டு வருகிறார். அவனைத் தனியறையில் வைத்து விசாரிக்கிறார். கதவுக்குக் கீழே ரத்தம் வழிகிறது. நாம் கைதட்ட வேண்டுமாம். லாக்கப்பில் என்ன நடக்கும் என்று தெரிந்த குடும்பங்களிலிருந்து வருகிறவர்களுக்கு அந்தக் கை எளிதில் எழாது. இனவெறி என்பது படிக்காத, பல் விழுந்த, தகர வீட்டு வெள்ளையனின் நோய் என்று சொல்லி நகரத்து ரசிகர்களைத் தூங்கவைக்கிற தொடர் என்றுதான் நினைத்தேன்.

அந்த எபிசோடிலேயே சின்னதாக ஒரு காட்சி. ஏஞ்சலா தன் மகனின் பள்ளிக்கூடத்துக்குப் போய், தான் திறக்கப்போகும் பேக்கரியைப் பற்றிக் குழந்தைகளுக்குச் சொல்கிறார். ஒரு வெள்ளைக்காரச் சிறுவன் கையைத் தூக்கி, அரசு கொடுத்த இழப்பீட்டுப் பணத்தில்தான் அதைத் திறக்கிறீர்களா என்று கேட்கிறான். கேட்ட பையனுக்குப் பத்து வயது இருக்கும். அவனுக்கு அது வீட்டில் சாப்பாட்டு மேசையில் கிடைத்த கேள்வி. முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்த முதல் மாதம், மெஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருந்த சீனியர் ஒருவர் என் ஃபெலோஷிப் எந்தக் கணக்கில் வந்தது என்று சிரித்துக்கொண்டே கேட்டார். சாம்பார் வாளியை நகர்த்தச் சொல்கிற அதே குரலில். அந்தப் பையனின் முகத்தில் இருந்ததும் அதே சாதாரணம்தான். ஏஞ்சலாவின் வளர்ப்பு மகன், அவனும் வெள்ளைக்காரச் சிறுவன், பாய்ந்து அந்தப் பையனை அடிக்கிறான். நான் அன்று சாம்பார் வாளியை நகர்த்திக் கொடுத்தேன்.

அந்தக் காட்சிதான் அடுத்த வாரமும் என்னைப் பார்க்க வைத்தது. இரண்டாவது எபிசோடில் தொடர் தன் ஆட்டத்தைத் திறந்து காட்டியது. எல்லோருக்கும் பிடித்த, பாட்டுப் பாடுகிற, ஏஞ்சலாவுக்கு அண்ணன் மாதிரியான போலீஸ் தலைவர் ஜட் கிராஃபோர்டு மரத்தில் பிணமாகத் தொங்குகிறார். அவர் வீட்டு அலமாரிக்குள் கு க்ளக்ஸ் க்ளான் அங்கி. ஐந்தாவதில் ஏழாம் குதிரைப்படையை ஆட்டுவிப்பதே ஜோ கீன் என்ற செனட்டர்தான் என்று தெரிகிறது. தகர வீட்டில் தொடங்கிய விரல் போலீஸ் தலைவரின் அலமாரிக்கும் செனட்டரின் மேசைக்கும் ஏறிவிட்டது. என் கோபத்தில் பாதியை அங்கே வாபஸ் வாங்கினேன். மீதிப் பாதி இன்னும் இருக்கிறது. சொல்கிறேன்.

ஆறாவது எபிசோடு. ஸ்டீஃபன் வில்லியம்ஸ் இயக்கம். தொடரை உருவாக்கிய டேமன் லிண்டலாஃபும் கார்டு ஜெஃபர்சனும் சேர்ந்து எழுதியது. தியேட்டரில் உட்கார்ந்திருந்த அந்தச் சிறுவன்தான் வில் ரீவ்ஸ். ஏஞ்சலாவின் தாத்தா. அவருடைய நினைவுகள் அடங்கிய மாத்திரைகளை ஏஞ்சலா மொத்தமாக விழுங்கிவிட, கறுப்பு வெள்ளையில் 1938 விரிகிறது. இளம் வில் நியூயார்க் போலீஸில் சேர்கிறார். சட்டத்தை நம்பச் சொன்ன பாஸ் ரீவ்ஸின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டவர் வேறெங்கே போவார்? யூதர் ஒருவரின் கடையைக் கொளுத்திய வெள்ளையனைக் கையும் களவுமாகப் பிடித்து ஸ்டேஷனுக்குக் கொண்டுவருகிறார். சில நாளில் அவன் வெளியே சிரித்துக்கொண்டு திரிகிறான். வில் விடாமல் கேட்கிறார். கூட வேலை பார்க்கும் வெள்ளைப் போலீஸ்காரர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போய், தலையில் முக்காடு மாட்டி, மரத்தில் தொங்கவிட்டு, உயிர் போகும் முன் அறுத்து விடுகிறார்கள். எச்சரிக்கையாம்.

கேமரா அந்தத் துணிக்குள்ளிருந்து பார்க்கிறது. மூச்சு மட்டும் கேட்கிறது. நான் பார்த்த சினிமாவில் தூக்கு எத்தனையோ முறை வந்திருக்கிறது. தூக்கிலிடப்படுகிறவரின் கண்ணுக்குள் என்னை உட்காரவைத்தது இதுதான் முதல் முறை.

கழுத்தில் அறுந்த கயிறு, கையில் அந்த முக்காடு. அப்படியே வீட்டை நோக்கி நடக்கிறார். வழியில் ஒரு சந்தில் ஆணும் பெண்ணுமாக இருவரைச் சிலர் அடிக்கிறார்கள். வில் நிற்கிறார். முக்காட்டில் கண்ணுக்கு ஓட்டை போடுகிறார், மாட்டிக்கொள்கிறார், உள்ளே பாய்கிறார். ஹூடட் ஜஸ்டிஸ் பிறந்த கதை இதுதான். கயிறு 33 ஆண்டுகளாகக் காமிக்ஸ் பக்கத்தில் எல்லோர் கண்ணுக்கும் முன்னால்தான் இருந்தது. அது யார் கழுத்துக்குப் போடப்பட்ட கயிறு என்று கேட்க இத்தனை காலம் ஆகியிருக்கிறது. தன் படைப்பைத் தொடர்ச்சியாக எடுப்பதில் விருப்பமில்லாத ஆலன் மூரின் பெயர் தொடரின் டைட்டிலில் இல்லை. அவர் மறுத்த நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தப் படைப்புக்கு இந்த ஒரு கேள்வி தேவைப்பட்டது.

அடுத்த நாள் அவர் மனைவி ஜூன் ஒன்று சொல்கிறார். இதே வேலையைத் தொடர வேண்டுமானால் முக்காட்டுக்குள் இருப்பது வெள்ளையன் என்று ஊர் நம்ப வேண்டும். கண்ணைச் சுற்றி வெள்ளைச் சாயம் பூசிவிடுகிறார். மற்ற ஹீரோக்கள் குடும்பத்தைக் காப்பாற்ற முகத்தை மறைக்கிறார்கள். வில்லுக்கு முகமூடி போதவில்லை. ஓட்டை வழியாகத் தெரியும் இரண்டு அங்குலத் தோலையும் மறைக்க வேண்டியிருக்கிறது.

"எந்த ஊர்" என்ற கேள்விக்குப் பின்னால் "ஊர்ல எந்தப் பக்கம்" என்று அடுத்த கேள்வி வரும் என்று தெரிந்து, "பஸ் ஸ்டாண்டு பக்கம்" என்று சொல்லப் பழகியவன் நான். எங்கள் தெருவுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் மூன்று கிலோமீட்டர். ஜூன் பூசிய அந்தச் சாயத்தைப் பார்த்தபோது லேப்டாப்பை நிறுத்திவிட்டு வராந்தாவில் போய் நின்றேன்.

முகமூடி வீரர்களின் கூட்டமைப்பில் வில்லைச் சேர்க்க வருகிறார் கேப்டன் மெட்ரோபோலிஸ் என்கிற நெல்சன் கார்டனர். முற்போக்கு வெள்ளையர். வில்லின் உண்மை தெரிந்தவர், அவரோடு படுக்கையைப் பகிர்ந்தவர். கூட்டாளிகள் முன் முக்காட்டைக் கழற்ற வேண்டாம் என்று சொல்பவரும் அவரேதான். கறுப்பர்களை மனவசியம் செய்து ஒருவரையொருவர் அடித்துக்கொள்ளவைக்கும் சைக்ளாப்ஸ் என்ற சதிக்கூட்டத்தைப் பற்றி பத்திரிகையாளர்கள் முன் வில் பேச வாயெடுத்தால் பேச்சை மாற்றுகிறார். ஆதாரம் கிடைத்து உதவிக்குப் போன் செய்தால், அது உங்கள் ஆட்களின் பிரச்சினை, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்கிற தொனியில் வைத்துவிடுகிறார். இந்த நெல்சனை எனக்கு நன்றாகத் தெரியும். கருத்தரங்க மேடையில் என் தோளில் கைபோட்டிருப்பார். துறைக் கூட்டத்தில் நியமனத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் ஜன்னல் வழியாகப் பார்ப்பார்.

வில்லின் சின்ன மகன் ஒருநாள் கண்ணாடி முன் நின்று, அப்பாவைப் போலவே தன் முகத்தில் அந்த வெள்ளைச் சாயத்தைப் பூசிக்கொள்கிறான். வில் பாய்ந்து அழுத்தித் துடைக்கிறார். துடைப்பதா அடிப்பதா என்று பிரித்துச் சொல்ல முடியாத துடைப்பு. ஜூன் மகனை அழைத்துக்கொண்டு துல்சாவுக்கே திரும்பிவிடுகிறார்.

இனி மீதிக் கோபம். எபிசோடின் முடிவில் ஜட் கிராஃபோர்டு எப்படிச் செத்தார் என்று தெரிகிறது. சைக்ளாப்ஸ்காரர்களின் மனவசியத்தையே பயன்படுத்தி, அவரைத் தானே தூக்கு மாட்டிக்கொள்ளச் செய்தவர் கிழவர் வில். வசியத்தால் கறுப்பர்களைக் கொன்றவர்களின் ஆயுதம், அவரைத் தொங்கவிட்டவர்களின் கயிறு. அந்தக் கிழவர்மேல் எனக்குப் பரிதாபம் இல்லை, மரியாதைதான். ஆனால் திரைக்கதை இதை என்ன செய்யப் போகிறது? பழிக்குப் பழி வாங்கும் கறுப்பர் என்ற பழைய பொம்மையாக அவரை மாற்றிவிடும் அபாயம் இருக்கிறது. ஏஞ்சலா இத்தனையும் தன் உடம்பில் அனுபவித்த பிறகு, மறுபடியும் அந்த பேட்ஜை மாட்டிக்கொண்டு யாரையாவது தனியறைக்கு இழுத்துப் போவாரா? அப்படிப் போனால், ஆறாவது எபிசோடை எழுதியவர்களே அதைப் படிக்கவில்லை என்று அர்த்தம்.

இன்னொரு பயம், ரசிகனுக்கே உரிய பயம். என் நண்பர்கள் எல்லாரும் நீல மனிதர் டாக்டர் மன்ஹாட்டன் எங்கே ஒளிந்திருக்கிறார் என்று பந்தயம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கோடீஸ்வரி லேடி ட்ரியூ துல்சாவில் கட்டும் ராட்சதக் கடிகாரம் எதற்கு, கோட்டைக்குள் ஜெரமி அயர்ன்ஸ் யாருக்கு நாடகம் போடுகிறார் என்று வரைபடம் போடுகிறார்கள். சுவாரசியமான விடுகதைகள்தாம், நானும் போட்டேன். ஆனால் கிரீன்வுட்டில் தொடங்கிய கதை அந்த விடுகதைகளுக்குத் திறவுகோலாகத் தேய்ந்துவிடக் கூடாது. மூன்று எபிசோடில் அடைக்க வேண்டிய சாமான் அதிகம். எதை முதலில் வண்டியிலிருந்து இறக்குவார்கள் என்பது நமக்குப் பழகிய கதை.

மாத்திரையின் வேகம் தணிந்து ஏஞ்சலா கண்விழிக்கும்போது லேடி ட்ரியூவின் இடத்தில் படுத்திருக்கிறார். அடுத்தது திங்கட்கிழமை காலை. விடுதியில் அந்த நேரத்தில் வைஃபை ஒழுங்காகக் கிடைப்பது மாடிப்படி வளைவில் மட்டும்தான். அங்கே இருப்பேன்.