பத்துக்கு ஏழு

(இரண்டாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்)



கால்பந்து என்று பேச்செடுத்தால் நம் விடுதியில் அடிபடுவது நாலைந்து பெயர்கள்தான். பெலே, மரடோனா, மெஸ்ஸி, ரொனால்டோ. அறைச் சுவரில் ஒட்டுவதும் அவர்கள் படம். ராத்திரி பன்னிரண்டு மணிக்குச் சண்டை போடுவதும் அவர்களுக்காக. அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் பதினோரு பேர் ஆடுகிற ஆட்டத்தில் கோல் போட்டவனை மட்டும் தோளில் தூக்கிக்கொண்டு போய்விடுகிறோம். மற்ற பத்துப் பேரும் பின்னால் நடந்து வருகிறார்கள். அப்படி நடந்து வந்த ஒருவரைப் பற்றித்தான் இந்த மலரில் எழுத ஆசைப்பட்டேன்.

அவர் பெயர் பவுலோ ஃபெரெய்ரா. போர்ச்சுகல்காரர். லிஸ்பன் நகருக்குப் பக்கத்தில் கஷ்காய்ஷ் என்ற கடலோர ஊரில் 1979-இல் பிறந்தவர். பின்கள ஆட்டக்காரர். அவர் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற 2013-இல் நான் அ, ஆ எழுதிப் பழகிக்கொண்டிருந்தேன். ஆகவே அவர் ஆடியபோதே பார்த்தவன் அல்ல நான். பழைய ஆட்டங்களின் பதிவுகளைத் தேடித் தேடிப் பார்த்தவன்.

இரண்டு அணிகளில் அவருக்குப் பயிற்சியாளராக இருந்தவர் ஜோசே மொரீன்யோ. இவர் ஒருநாளும் ஆட்ட நாயகன் ஆக மாட்டார், ஆனால் எந்த நாளும் பத்துக்கு ஏழு வாங்குவார் என்று ஃபெரெய்ராவைப் பற்றி அவர் சொன்னார். நம் கணக்கில் எழுபது மார்க். முதல் வகுப்பு நிச்சயம், டிஸ்டிங்ஷனுக்கு ஐந்து குறைவு! இதைச் சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். "இது பாராட்டா, திட்டாடா?" என்று கேட்கிறார்கள். ஒரு தொழிலாளிக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய பாராட்டு அதுதான் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

ஃபெரெய்ரா எஸ்தொரில் அணியில் நடுக்களத்தில் ஆடத் தொடங்கியவர். 2000-இல் விட்டோரியா செதுபல் அணிக்குப் போனார். பிறகு வலது ஓரக் காவல் அவர் இடமாயிற்று. அதாவது நாம் சொல்லுகிற ரைட் பேக். 2002-இல் போர்ட்டோ அணிக்கு மொரீன்யோ அழைத்துக்கொண்டார். அதற்கு அடுத்த இரண்டு வருடங்களை எண்ணிப் பாருங்கள். போர்ச்சுகல் லீக் பட்டம் இரண்டு முறை. 2003-இல் செவில் நகரில் செல்டிக் அணியை 3-2 என்று வென்று யுஇஎஃப்ஏ கோப்பை. 2004 மே 26-இல் மொனாக்கோவை 3-0 என்று வென்று ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக். இரண்டு இறுதி ஆட்டத்திலும் வலது ஓரத்தில் அவர்தான். அந்த வருடமே இங்கிலாந்தின் செல்ஸி அணி 1 கோடியே 32 லட்சம் பவுண்டு கொடுத்து அவரை வாங்கியது. முதல் பருவத்தில் செல்ஸி 38 லீக் ஆட்டங்களில் வாங்கிய கோல் மொத்தமே 15. அந்தப் பின்சுவரில் இவரும் ஒரு செங்கல்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பெரிய அணி என்றால் ஒவ்வொரு வருடமும் புது ஆளை வாங்கிக்கொண்டே இருப்பார்கள். இவர் இடத்துக்கே பெலெட்டி வந்தார், பொசிங்வா வந்தார், இவானோவிச் வந்தார். இன்னொருவராக இருந்தால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வேறு அணிக்குப் போயிருப்பார். ஃபெரெய்ரா இடது ஓரத்துக்குப் போய் நின்றார்.

"இடது என்ன, வலது என்ன, ரெண்டும் ஓரம்தானே" என்று நினைக்காதீர்கள். வலது கால்காரன் வலது ஓரத்தில் நிற்கும்போது எல்லைக் கோடு அவனுக்கு வலக்கைப் பக்கம் இருக்கும். பந்தை வாங்கி அப்படியே கோட்டோரமாக அடித்து அனுப்பலாம். இடது ஓரத்துக்குப் போனால் எல்லாம் கண்ணாடியில் பார்த்த மாதிரி தலைகீழ். பலமான கால் மைதானத்தின் உள்பக்கம் வந்துவிடும். கோட்டோரம் பந்து போனால் பலவீனமான காலால்தான் அடிக்க வேண்டும். எதிரி ஓடி வருவதும் அந்தப் பக்கமாகத்தான். உடம்பைத் திருப்பி நிற்கிற கோணம், முதலில் எந்தக் காலை எடுத்து வைப்பது, பக்கத்தில் நிற்கும் ஸ்டாப்பரோடு எவ்வளவு இடைவெளி, எல்லாவற்றையும் புதிதாகப் பழக வேண்டும். லேத்தில் கை பழகியவனை ஷேப்பருக்கு அனுப்பினால் தெரியும் அந்தக் கஷ்டம்!

அப்படிப் பழகியதால்தான் 2008 ஐரோப்பியக் கோப்பையில் போர்ச்சுகல் அணியின் இடது ஓரம் இவருக்குக் கிடைத்தது. வலது ஓரத்தில் நின்றவர் யார் தெரியுமா? பொசிங்வா! கால் இறுதியில் ஜெர்மனியிடம் 2-3 என்று தோற்றார்கள். மூன்றாவது கோலைத் தலையால் அடிக்கும் முன் பல்லாக் பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளினார். தள்ளப்பட்டவர் நம்ம ஃபெரெய்ரா. நடுவர் விசில் ஊதவில்லை. பல்லாக் அப்போது செல்ஸியில் அவரோடு ஒரே அணியில் ஆடியவர் என்பது கூடுதல் வேதனை.

அவர் தப்பே செய்யாத மனிதர் என்று சொல்ல வரவில்லை. 2004 ஐரோப்பியக் கோப்பை போர்ச்சுகலில்தான் நடந்தது. முதல் ஆட்டம் கிரீஸ் நாட்டோடு. சாம்பியன்ஸ் லீக் வென்று பதினேழு நாள்தான் ஆகியிருந்தது. சொந்த மண்ணில், அதுவும் போர்ட்டோ அணியின் மைதானத்திலேயே, ஏழாவது நிமிடத்தில் இவர் தவறவிட்ட ஒரு பந்து கோலில் போய் முடிந்தது. 1-2 என்று தோல்வி. அடுத்த ஆட்டத்தில் இவர் இடத்தில் மிகேல் என்பவர் இறங்கினார். ஃபெரெய்ரா பெஞ்சில் உட்கார்ந்தார். அந்தக் கோப்பையின் இறுதி ஆட்டத்திலும் அதே கிரீஸ். இடைவேளைக்குச் சற்று முன் மிகேலுக்கு அடிபட்டு வெளியே வந்தார். "வா" என்று யாரைக் கூப்பிட்டார்கள்? ஃபெரெய்ராவைத்தான். 2006 உலகக் கோப்பை அரை இறுதியில் பிரான்சுக்கு எதிராகவும் இதே கதை. மிகேல் காயத்தோடு வெளியே, ஃபெரெய்ரா உள்ளே. இரண்டு ஆட்டமும் 0-1 என்று தோல்விதான். ஆனால் தன்னை ஓரம் கட்டியவர் விழுந்த இடத்தில் முகம் கோணாமல் போய் நின்றாரே, அந்த மனம் எத்தனை பேருக்கு வரும்?

2007-இல் புது வெம்ப்ளி மைதானத்தின் முதல் எஃப்ஏ கோப்பை இறுதியில் மான்செஸ்டர் யுனைட்டெட் அணிக்கு 120 நிமிடமும் ஒரு கோல்கூட விடாத செல்ஸி பின்களத்தில் அவர் இருந்தார். 2012-இல் செல்ஸி சாம்பியன்ஸ் லீக் வென்ற இறுதியிலும், 2013-இல் யூரோப்பா லீக் வென்ற இறுதியிலும் அவர் களத்தில் இறங்கவே இல்லை. ஆனாலும் ஒன்பது வருடம் ஒரே அணி, இருநூறுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள், நாட்டுக்காக 62 ஆட்டங்கள். ஓய்வுக்குப் பிறகும் வெளி அணிகளுக்கு இரவலாக அனுப்பிய இளம் ஆட்டக்காரர்களைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பை அதே செல்ஸி அவருக்குக் கொடுத்தது. எழுபது மார்க்கின் மதிப்பு இப்போது புரிகிறதா?

"எல்லா வேலையும் தெரிஞ்சவனுக்கு எந்த வேலையும் உருப்படியா தெரியாது" என்று ஒரு பேச்சு உண்டு. இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஃபெரெய்ரா முதலில் வலது ஓரத்தை ஐரோப்பாவே மெச்சும்படி கற்றார். அந்த அஸ்திவாரத்தின் மேல்தான் இடது ஓரம் என்ற மாடி எழும்பியது. 2005 லீக் கோப்பை இறுதியில் லிவர்பூல் 1-0 என்று முன்னால் இருந்தபோது இவர் அடித்த ஃப்ரீ கிக்தான் ஜெரார்டின் தலையில் பட்டு லிவர்பூலின் சொந்த வலைக்குள் போனது. செல்ஸி அந்த ஆட்டத்தை 3-2 என்று ஜெயித்தது. கணக்கில் ஜெரார்டின் பெயர்தான் இருக்கிறது. பந்தை அனுப்பிய கால் யாருடையது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்தக் கேள்வி எனக்கு விளையாட்டுக் கேள்வி மட்டும் அல்ல, தோழர்களே. என் அப்பா ஓர் அரிசி ஆலையில் வேலை பார்க்கிறார். பாய்லருக்கு உமி தள்ளுகிற ஆள் வராவிட்டால் அப்பா. எடை போடுகிறவர் லீவு என்றால் அப்பா. பெல்ட் அறுந்தால், களத்தில் நெல் கிளற ஆள் குறைந்தால், லாரிக்கு மூட்டை ஏற்ற வேண்டுமென்றால் அப்பாதான். இருபது வருடமாக இப்படி. கூலி உயர்த்திக் கேட்டபோது, "உனக்குன்னு ஒரு வேலை இல்லையேப்பா, உன்னை எதுல எழுதுறது?" என்று கேட்டிருக்கிறார்கள். இன்றைக்கும் அவர் சம்பளம் எல்லோருக்கும் கீழே.

எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருவன்தான். நான் இங்கே சேர்ந்தபோது அப்பா சொன்னது: "ஒரு வேலையை மட்டும் கத்துக்கடா. எல்லாத்தையும் கத்துக்கிட்டா எல்லாரும் கூப்பிடுவாங்க, யாரும் கணக்குல எழுத மாட்டாங்க."

அப்பா பட்டதைச் சொல்கிறார், மறுக்க எனக்கு மனமில்லை. ஆனால் குறை பல வேலை தெரிந்ததில் இல்லை, எழுதாத அந்தப் பேரேட்டில்தான் இருக்கிறது என்பதே என் வாதம். ஃபெரெய்ரா இடது ஓரத்தில் நின்றாலும், வலது ஓரத்தில் நின்றாலும், பெஞ்சில் உட்கார்ந்தாலும் அவர் சட்டையின் முதுகில் அவர் பெயர் இருந்தது. ஒப்பந்தத்தில் அவர் பெயர் இருந்தது. நாளைக்கு நாமெல்லாம் ட்ரெய்னியாகப் போகிற கம்பெனியிலும் இதுதான் நடக்கும். லேத்தில் ஆள் இல்லையா, போ. ஸ்டோர்ஸில் ஆள் இல்லையா, போ. போவோம். நன்றாகவே செய்வோம். ஆனால் செய்த வேலை நம் பெயரில் எழுதப்படுகிறதா என்று கேட்கவும் பழக வேண்டும். கேட்காத திறமைக்குக் கையாள் என்று பெயர்.

அந்தப் பழக்கத்தை நம் கல்லூரியிலிருந்தே தொடங்கலாம். போன வருடம் நம் கால்பந்து அணி கலந்துகொண்ட ஒரு போட்டியில் களம் இறங்கியவர்களுக்கு மட்டும் சான்றிதழ் கொடுத்தார்கள். சிவில் பிரிவு நண்பன் ஒருவன் பயிற்சியில் ஒருநாள் பேக், ஒருநாள் ஹாஃப், கோலி வராத நாளில் கோலி. போட்டியில் ரிசர்வ். அவன் கையில் ஒரு காகிதம்கூட இல்லை. நம் பேரவைக்கு என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று: இனி எந்த அணியை அனுப்பினாலும் ரிசர்வ் உட்பட அத்தனை பேருக்கும் பேரவையே சான்றிதழ் தர வேண்டும். அதில் "பங்கேற்றார்" என்று பொதுவாக எழுதாமல், எந்தெந்த இடத்தில் ஆடினார் என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும். செலவு ஒரு காகிதமும் ஒரு கையெழுத்தும்தான்.

டிஸ்டிங்ஷன் எடுப்பவர்களை வாழ்த்துவோம். கோல் போடுகிறவனைத் தோளில் தூக்குவோம். கூடவே, எங்கே நிறுத்தினாலும் எழுபது எடுக்கிறவனின் பெயரையும் மறக்காமல் எழுதுவோம்!