விலை விழுந்தால் ஒலியும் விழுந்ததா?

"அதெல்லாம் இப்ப யாரு சார் வாங்குறாங்க? வேணும்னா எடைக்கு எடுத்துக்கறேன்." பழைய ஆம்ப்ளிஃபயரையோ சி.டி. பிளேயரையோ விற்கப் போனவர்களுக்கு இன்று கிடைக்கும் பதில் இதுதான். இப்படிச் சொல்லும் காயலான் கடைக்காரர்மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் செம்புக்கும் ஹீட் சிங்கின் அலுமினியத்துக்கும் அவர் நியாயமாகவே விலை சொல்கிறார். என் சண்டை விற்கப் போனவரின் மனத்தில் ஊறியிருக்கும் நம்பிக்கையோடுதான். "நாலு காசுக்குப் போகாத சாமானில் என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, நன்றாகப் பாடிக்கொண்டிருந்த செட்டை அங்கேயே இறக்கிவைத்துவிட்டு வருகிறாரே, அந்த நம்பிக்கையோடு.

விலை விழுந்துவிட்டதென்றால் தரமும் விழுந்துவிட்டது என்று நம்புவது படிக்காதவர் மட்டும் அல்ல. பொறியியல் படித்தவரும் நம்புகிறார், கச்சேரி தவறாத ரசிகரும் நம்புகிறார். பழைய ஹை-ஃபை சாமான்கள் விஷயத்தில் இது முழுப் பொய். இந்தச் சந்தையில் விலை ஒன்றே ஒன்றைத்தான் சொல்கிறது: இன்றைக்கு அந்தப் பொருள் எத்தனை பேருக்கு வேண்டும் என்பதை. அது எப்படிப் பாடுகிறது என்பதைப் பற்றி விலைக்கு ஒன்றும் தெரியாது.

சி.டி. பிளேயரையே எடுத்துக்கொள்வோம். 1982 அக்டோபரில் ஜப்பானில் சோனியின் சி.டி.பி.-101 கடைக்கு வந்தபோது அதன் விலை 1,68,000 யென். அன்றைக்கு அது சின்னத் தொகை அல்ல. குறுந்தகட்டின் கணக்கு அன்றும் இன்றும் ஒன்றுதான்: நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட். மனிதக் காதின் எல்லையான 20,000 ஹெர்ட்ஸ் வரை அதற்குள் அடங்கிவிடும். மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே ஏறத்தாழ 96 டெசிபல் இடைவெளி கிடைக்கும். நல்ல எல்.பி. இசைத்தட்டு 70 டெசிபலைத் தொடுவதே பெரும்பாடு. அதோடு கீறல், தூசியின் படபடப்பு, ஊசி உள்வட்டத்தை நெருங்க நெருங்கக் கூடும் திரிபு. அளந்து பார்த்தால் இது போட்டியே இல்லை.

விலையைப் பார்த்தால் எல்லாம் தலைகீழ். நல்ல பழைய சி.டி. பிளேயர் சீந்துவாரற்றுக் கிடக்கிறது, டர்ன்டேபிளுக்கோ ஆட்கள் அடித்துப்பிடித்துக்கொண்டு வருகிறார்கள். தொண்ணூறுகளில் நிலைமை நேர்மாறாக இருந்தது. அப்போது தட்டுகளையும் டர்ன்டேபிளையும் வாங்க ஆள் இல்லை. டெக்னிக்ஸ் எஸ்.எல்.-1200 என்ற டர்ன்டேபிள் 1972-இல் வந்தது. 2010-இல் உற்பத்தியை நிறுத்தினார்கள். தட்டுமோகம் திரும்பியதும் 2016-இல் அதே பெயரில் மறுபடியும் கொண்டுவந்தார்கள். 2020-இல் அமெரிக்காவில் இசைத்தட்டு விற்பனையின் வருவாய் சி.டி. வருவாயைத் தாண்டியது, எண்பதுகளுக்குப் பிறகு அப்படி நடந்தது அதுவே முதல் முறை. இந்த இடைக்காலத்தில் தட்டின் பள்ளமும் மாறவில்லை, குறுந்தகட்டின் பிட்டும் மாறவில்லை. மாறியது மனிதர்களின் ஆசை. தட்டை நேசிப்பவர்களை நான் பழிக்கவில்லை. அந்தப் பெரிய அட்டைப்படமும் ஊசி இறங்கும் தருணமும் தனிச் சுகம்தான். ஆனால் அந்தச் சுகத்தின் விலையை ஒலியின் விலை என்று சொல்லாதீர்கள்.

இதே கூத்து நம் கண்ணெதிரிலேயே ஒருமுறை நடந்துமுடிந்திருக்கிறது. எண்பதுகளில் தமிழ்நாட்டின் ஊர்தோறும் ரெக்கார்டிங் சென்டர்கள் இருந்தன. நோட்டுக் காகிதத்தில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால், எல்.பி. தட்டிலிருந்து 60 நிமிட, 90 நிமிட கேசட்டில் பதிந்து தருவார்கள். நல்ல டர்ன்டேபிள், நல்ல டெக், நல்ல ஆம்ப் என்று ஊரிலேயே உயர்ந்த சாமான்கள் பல அங்கேதான் இருந்தன. கேசட்டின் காலம் முடிந்ததும் அவையெல்லாம் தட்டுகளோடு சேர்ந்து பேரீச்சம்பழத்துக்குப் போயின. "இனி இதற்கு மதிப்பில்லை" என்று ஊரே தீர்ப்பு எழுதியது. இன்று எக்கோ நிறுவனம் வெளியிட்ட இளையராஜா எல்.பி. ஒன்றுக்காகச் சேகரிப்பாளர்கள் ஊர் ஊராக அலைகிறார்கள். தீர்ப்பு எழுதிய அன்று அந்தத் தட்டில் இருந்த இசைதான் இன்றும் அதில் இருக்கிறது. அன்று தவறாகப் போன அதே அளவுகோலை எடுத்துக்கொண்டு இன்று ஆம்ப்ளிஃபயரையும் ஸ்பீக்கரையும் அளக்கிறோம்.

அடுத்தது, சந்தையில் மிக வேகமாக விலை சரிகிற சரக்கு: ஹோம் தியேட்டருக்கான ஏ.வி. ரிசீவர். லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கியது பத்தே ஆண்டில் அடிமாட்டு விலைக்குப் போகிறது. காரணம் அதன் பின்பக்கத்தில் இருக்கும் எச்.டி.எம்.ஐ. துளை. 2002-இல் வந்த அந்த இணைப்பு முறை அடுத்தடுத்துப் புதுப்பிக்கப்பட்டு 2017-இல் 2.1 பதிப்பை எட்டியது. புதிய பதிப்பு வரும்போது அதன் உயர்தரப் படத்தைப் பழைய ரிசீவரால் கடத்த முடியாமல் போகிறது. படத்தைப் பொறுத்தவரை அது பழசாகிவிட்டது உண்மை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பெட்டிக்குள் கனமான டிரான்ஸ்ஃபார்மரும், பெரிய கெப்பாசிட்டர்களும், ஏழு சேனலுக்கான பவர் டிரான்சிஸ்டர்களும் அப்படியே இருக்கின்றன. படத்தை நேரே டி.வி.க்குக் கொடுத்துவிட்டு, பாட்டுக்கு மட்டும் இரண்டு ஸ்பீக்கரோடு ஸ்டீரியோவில் ஓட்டினால், பின்னால் இருக்கும் துளை எந்தப் பதிப்பு என்று பாட்டுக்குக் கவலை இல்லை.

ஸ்பீக்கர் விஷயத்தில் இந்த மூடநம்பிக்கை இன்னும் மோசம். பெரிய பெட்டி ஸ்பீக்கர்களின் விலை விழுந்ததற்கு முதல் காரணம் அடுக்குமாடி வீட்டின் ஹால். இரண்டாவது, அனுப்பும் செலவு. எழுபதுகளின் பெரிய ரிசீவர்கள் சில 30 கிலோவைத் தொடுபவை, ஸ்பீக்கர்களும் சளைத்தவை அல்ல. லாரிச் செலவே சாமானின் விலையைத் தின்றுவிடும். மூன்றாவது, எழுபது எண்பதுகளில் ஆசையாக வாங்கிய தலைமுறை இன்று முதுமையில் இருக்கிறது. பிள்ளைகள் வீட்டைக் காலிசெய்கிறார்கள். ஒரே நேரத்தில் ஏராளமான செட்டுகள் சந்தைக்கு வருகின்றன. இட நெருக்கடி, லாரி வாடகை, வரத்து மிகுதி: இந்த மூன்றில் எது ஒலியைப் பற்றிப் பேசுகிறது?

ஒலியைப் பற்றிப் பேசுவது பௌதிகம். கே.எல்.எச். ஸ்பீக்கர் நிறுவனத்தைத் தொடங்கிய மூவரில் ஒருவரான ஹாஃப்மனின் பெயரால் வழங்கும் விதி ஒன்று உண்டு. ஆழமான பேஸ், சின்னப் பெட்டி, குறைந்த கரன்ட்டில் அதிக ஒலி ஆகிய மூன்றும் ஒன்றாகக் கிடைக்காது. இரண்டை எடுத்தால் மூன்றாவதை விட்டுத்தான் ஆக வேண்டும். பெட்டியையும் கோனையும் கணக்குப்போட்டுப் பொருத்தும் முறையை ஆஸ்திரேலியாவில் தீல் என்பவர் 1961-இல் எழுதினார், எழுபதுகளின் தொடக்கத்தில் ஸ்மால் என்பவர் அதை விரித்தார். இன்றைய ஸ்பீக்கர் வடிவமைப்பாளரும் அந்தக் கணக்கைத்தான் போடுகிறார். உள்ளங்கையில் அடங்கும் புளூடூத் பெட்டி எவ்வளவு புதிதாக இருந்தாலும் மிருதங்கத்தின் தொப்பியில் விழும் அடியை முழுதாகத் தர அதற்குள் காற்று போதாது. மின்னணுச் சாமர்த்தியத்தால் கொஞ்சம் ஈடுகட்டலாம், விதியை மீற முடியாது.

"பழைய ஆம்ப்புக்கு வாட்ஸ் கம்மி" என்பார்கள். சாதாரண ஸ்பீக்கர் ஒன்று ஒரே ஒரு வாட்டில், ஒரு மீட்டர் தூரத்தில், ஏறத்தாழ 88 டெசிபல் ஒலி தரும். எதிரில் உட்கார்ந்து பேசுகிறவரின் குரலோ 60 டெசிபல் சுமார்தான். வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். 1978-இல் வந்த என்.ஏ.டி. 3020 சேனலுக்கு 20 வாட் மட்டுமே கொடுத்தது. அந்த 20 வாட்டை வைத்துக்கொண்டே உலகெங்கும் பெயரெடுத்தது. நம்மை ஏமாற்றியது வேறொன்று: தொண்ணூறுகளில் மினி சிஸ்டங்களின் முகப்பில் ஆயிரக்கணக்கில் அச்சடித்த பி.எம்.பி.ஓ. வாட்ஸ். அந்தச் செட்டுகள் உண்மையில் தொடர்ந்து தரக்கூடிய சக்தி அந்த எண்ணின் மிகச் சிறு பங்குதான். அந்த பிளாஸ்டிக் செட்டுகள் இன்று எடைக்குப் போனால் நான் வருந்தமாட்டேன். ஆனால் அவற்றுக்கும் நல்ல ஆம்ப்புக்கும் சந்தை ஒரே விலையை வைக்கிறதே, விலைக்குக் காது கிடையாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இனி வலுவான ஆட்சேபத்துக்கு வருகிறேன். "பழசு ரிப்பேராகும், ஸ்பேர் கிடைக்காது." பாதி உண்மை. எஸ்.டி.கே. வகைப் பவர் ஐ.சி. போட்ட ஆம்ப்புகளில் அந்த ஐ.சி. போனால் சிக்கல்தான், சந்தையில் போலிகள் நிறைய. ஜப்பான் உள்நாட்டுச் செட்டுகள் 100 வோல்ட்டுக்குச் செய்தவை. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நம் வீட்டு பிளக்கில் செருகினால் புகைதான் வரும். ஆனால் தனித்தனி டிரான்சிஸ்டரும் ரெசிஸ்டரும் கொண்டு செய்த ஆம்ப் அப்படியல்ல. அதைத் திறந்தால் ஒவ்வொரு பாகமும் கண்ணுக்குத் தெரியும், சாலிடரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவர் கழற்றி மாற்றலாம். வால்யூம் திருகும்போது கரகரக்கிறதென்றால் பெரும்பாலும் கான்டாக்ட் கிளீனரை அடித்து இருபுறமும் பலமுறை திருகினாலே போதும். சி.டி. பிளேயரின் ட்ரே திறக்கவில்லையா? பல செட்டுகளில் தளர்ந்துபோன சின்ன ரப்பர் பெல்ட் ஒன்றுதான் குற்றவாளி. இன்றைய சவுண்ட்பாரில் ஒரு போர்டு போனால் முழுதாகத் தூக்கிப்போட வேண்டியதுதான். அப்படியானால் எது ரிப்பேர் செய்ய முடியாத சாமான்?

அதிகம் பேர் பயந்து தூக்கியெறிவது கோனைச் சுற்றியுள்ள ஃபோம் வளையம் பொடிந்த ஸ்பீக்கரை. கடலோர ஊரின் ஈரக்காற்றில் அந்த ஃபோம் பத்துப் பதினைந்து ஆண்டில் பிசுபிசுத்து, விரல் பட்டாலே உதிரும். பார்க்கச் செத்த ஸ்பீக்கர்போல் இருக்கும். கைதேர்ந்த மெக்கானிக் என்ன செய்கிறார் பாருங்கள். பழைய ஃபோமைச் சுரண்டி, பசையைத் தின்னரால் துடைத்து எடுக்கிறார். நடுவிலுள்ள மூடியைப் பிரித்து, வாய்ஸ் காயிலைச் சுற்றி மெல்லிய பிளாஸ்டிக் துண்டுகளைச் செருகி, அது காந்தத்தில் உரசாதபடி மையத்தில் நிறுத்துகிறார். புது வளையத்தை ஒட்டிக் காயவிடுகிறார். மறுநாள் இரண்டு கையின் விரல்களையும் விரித்துக் கோனை மெதுவாக அழுத்தி, காதைக் கிட்டே வைத்துக் கேட்கிறார். சத்தமில்லாமல் போய்வந்தால் வேலை முடிந்தது. கோன், காயில், காந்தம், பெட்டி எல்லாம் பழசுதான், எல்லாம் நல்லவைதான். செலவு அந்த வளையத்துக்கும் அவர் கூலிக்கும்தான்.

விலை விழுந்ததைக் கண்டு ஒதுங்குவது எவ்வளவு தவறோ, விலை ஏறியதைக் கண்டு விழுந்தடித்து ஓடுவதும் அவ்வளவு தவறு. யமஹா என்.எஸ்.-10 ஸ்பீக்கர் 1978-இல் வீட்டு உபயோகத்துக்கென்று வந்தபோது பெரிய வரவேற்பு இல்லை. பிறகு ஒலிப்பதிவுக்கூடங்களில் குடியேறியது. 2001-இல் உற்பத்தி நின்றது; அதன்பின் அதற்குக் கிராக்கி. பேஸ் குறைவான, குறைகளை அம்பலப்படுத்துகிற அந்த ஸ்பீக்கர் கலவை செய்பவருக்கு நல்ல கருவி. வீட்டில் சாய்ந்து உட்கார்ந்து பாட்டுக் கேட்பதற்கு அதைவிடப் பொருத்தமானவை அதைவிட மலிவாகக் கிடக்கின்றன.

ஆகவே வீட்டில் பழைய செட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விலை கேட்பதற்கு முன் அதைக் கேளுங்கள். உங்கள் போனை அதோடு இணைக்க, ஒரு முனையில் ஹெட்போன் பின்னும் மறுமுனையில் சிவப்பு வெள்ளை ஆர்.சி.ஏ. பின்னும் உள்ள கேபிள் போதும். போனில் ஹெட்போன் துளை இல்லையென்றால் சின்ன யு.எஸ்.பி. அடாப்டர் ஒன்று கூடுதலாக வேண்டும். ஆக்ஸ் அல்லது சி.டி. என்று எழுதிய துளையில் செருகுங்கள். ஃபோனோ துளையில் செருகாதீர்கள். அது தட்டின் மெல்லிய சிக்னலுக்கானது, அதில் கேட்டால் நல்ல ஆம்ப்பும் இரைச்சலாகத்தான் தெரியும். மனப்பாடமாகத் தெரிந்த ஒரு பாட்டைப் போட்டு, பாதி வால்யூமுக்கும் கீழே வைத்துக் கேளுங்கள்.

வாங்க நினைக்கும் இளைஞர்களுக்கும் இதையே சொல்வேன். சொந்தக் காசில் நல்ல ஒலி கேட்க முடியாது என்று எண்ணியிருப்பவர்களுக்கு இந்த விலைச்சரிவைப்போல் நல்ல காலம் வாய்ப்பது அரிது. நம்பகமான மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், ஓடவிட்டுக் கேட்காமல் காசு கொடுக்காதீர்கள். நாளைக்கே மோகம் திரும்பி விலை ஏறலாம், ஏறாமலும் போகலாம். அது சந்தையின் பாடு. மலிவாக வந்தது என்பதற்காக அந்த ஆம்ப் ஒரு ஸ்வரத்தைக்கூட உங்களுக்குக் குறைத்துத் தரப்போவதில்லை.