மடக்கு சைக்கிள் மூட்டையா, வண்டியா?

விடுமுறைக்கு ஊருக்குப் புறப்படும் தமிழ்க் குடும்பத்தை ஹவுரா நிலையத்தில் பார்த்தவுடனே அடையாளம் கண்டுகொள்ளலாம். நாலைந்து பெட்டிகள், ஒரு சாக்கு மூட்டை, உறவினருக்கு ரசகுல்லா டின், கட்டுச் சோற்றுக் கூடை. இத்தனையும் மெயிலின் ஸ்லீப்பர் வகுப்பில் எப்படியோ இடம் பிடித்துவிடுகின்றன. இவற்றோடு ஒரு மடக்கு சைக்கிளும் சேர்ந்தால்தான் சிக்கல் பிறக்கிறது.

சைக்கிள் எதற்கு என்று கேட்கலாம். ரயிலடியிலிருந்து கிராமத்துக்கு ஒரு நாளைக்கு இரண்டே பஸ் வரும் ஊர்கள் இன்னும் உள்ளன. ஒரு மாத லீவில் போகும் குமாஸ்தாவுக்கு, தாலுகா ஆபீசுக்கும், மருந்துக் கடைக்கும், அக்கா வீட்டுக்கும் போய்வரச் சைக்கிள்தான் கால். கொல்கத்தாவிலோ, ஒற்றை அறையில் குடியிருப்பவருக்கு மாடிப்படியின் கீழே சைக்கிளை நிறுத்தினால் மறுநாள் அது இருக்குமா என்ற கவலை. மடக்கிக் கட்டிலடியில் தள்ளிவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம்.

ரயில்வேயின் விதி என்ன சொல்கிறது? ஸ்லீப்பர் வகுப்பில் ஆளுக்கு 40 கிலோ, இரண்டாம் வகுப்பில் 35 கிலோ சாமான் இலவசம். ஆனால் சைக்கிள், ஸ்கூட்டர் போன்றவற்றுக்கு இந்தச் சலுகை கிடையாது. தவிர, உடன் கொண்டு செல்லும் பெட்டி 100 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரத்துக்குள் இருக்க வேண்டும். மீறினால் பிரேக் வேன்தான்.

முழுச் சைக்கிளுக்கு இது நியாயமே. அதைப் பெட்டிக்குள் ஏற்றினால் மற்றவர் நடமாட முடியாது. ஆனால் மடக்கு சைக்கிளின் எடை பெரும்பாலும் 11 முதல் 14 கிலோதான். 25 கிலோ அரிசி மூட்டையை இலவசக் கணக்கில் ஏற்றலாம். அதில் பாதி எடையுள்ள பொருளுக்கு, பெயர் சைக்கிள் என்பதால் கட்டணம்! பருமனிலும் அது விதியை ஒரு சாண் அளவுக்குள்தான் மீறுகிறது.

ஜப்பானில் இந்த வழக்கை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். சைக்கிளை மடக்கியோ பிரித்தோ முழுவதும் பைக்குள் அடக்கிவிட்டால், குறித்த அளவுக்குள் அது கைச் சாமான்; கட்டணம் இல்லை. அங்கே பார்க்கப்படுவது பையின் அளவே ஒழிய, உள்ளிருக்கும் பொருளின் பெயரல்ல.

சலுகை கேட்பவருக்குப் பொறுப்பும் உண்டு. கிரீஸ் வடியும் சங்கிலியை அடுத்தவர் புடவையில் உரசவிட்டு உரிமை பேசுவது அழகல்ல. சங்கிலியைப் பின்பக்கத்துச் சிறிய பல்சக்கரத்துக்கு மாற்றி, பழைய வேட்டித் துணியால் சுற்ற வேண்டும். பெடல்களைக் கழற்றினால் பருமன் குறையும். இடது பெடலின் மரை மட்டும் எதிர்த்திசை என்பதை மறந்து முறுக்கினால் மரை கெட்டுவிடும். சீட்டுக் கம்பியை முழுவதும் இறக்கி, இரு சக்கரங்களுக்கு நடுவே ஒரு போர்வையை மடித்து வைத்து, வாரால் இறுகக் கட்ட வேண்டும். பை கான்வாஸ் துணியில், அடியில் இரட்டைத் தையலோடு இருப்பது நல்லது. உள்ளே அட்டை வைத்தால் துணி கிழியாது. மென்மையான பை அடியைத் தாங்காது. ஆகவே அதன்மேல் டிரங்குப் பெட்டியை ஏற்றக் கூடாது. பெயரும் சேருமிடமும் எழுதிய சீட்டு பைக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று இருக்கட்டும்.

விதி மாறும் வரை சாமான் ஆபீசில் எடை போட்டு ரசீது பெறுவதே உத்தமம். நடுவழியில் பரிசோதகரோடு வாதாடுவதால் பயனில்லை.

சைக்கிள் ஏழையின் வண்டி. அதனால்தான் அதை ஓரங்கட்டுவது எளிதாக இருக்கிறது. 2013-இல் கொல்கத்தாவில் 174 சாலைகளில் சைக்கிளுக்குத் தடை விதிக்கப்பட்டபோது, சுற்றிப் போனவர்கள் பால்காரரும் பேப்பர் போடுபவரும்தான். ரயில்வே வாரியமாவது இதைக் கருணையோடு பார்க்கலாம். பையில் அடங்கிய மடக்கு சைக்கிளை இலவச எடைக்குள் சேர்த்து, அதற்கென்று ஓர் அளவை நிர்ணயித்தால் போதும். கஜானாவுக்குப் பெரிய நஷ்டம் வராது. ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து ஊர் சேரும் தொழிலாளி, ரயிலடியில் பையைத் திறந்து, தன் வண்டியிலேயே வீடு போய்ச் சேருவான். அதிகாரிகள் ஆவன செய்வார்களா?