சாம்பியன் குதிரை உங்களுக்கு எதற்கு?

"காசிருந்தால் சாம்பியன் குதிரையையே வாங்கலாம், மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும்" என்கிறார் நண்பர். எதைப் பார்த்துக்கொள்ளும்?

டோட்டிலாஸ், 2010 கென்டக்கி உலகக் குதிரையேற்றப் போட்டியில் எட்வர்ட் கால் (Gal) என்ற வீரரைச் சுமந்து, டிரெஸ்ஸாஜ் என்னும் நுட்பச் சவாரிப் பிரிவில் மூன்று தங்கம் வென்ற குதிரை. அதே ஆண்டு ஜெர்மனிக்கு விலைபோய் மத்தியாஸ் ராத் என்ற வீரரிடம் வந்தது. ராத் ஒன்றும் கற்றுக்குட்டி அல்ல. ஆனாலும் பழைய உச்சம் திரும்பவேயில்லை (காயங்களும் படுத்தின என்பது உண்மைதான்). தேர்ந்தவருக்கே இந்தக் கதி!

உயர்மட்டக் குதிரை குதிகால் லேசாக உரசினாலே கட்டளை என்று எடுத்துக்கொள்ளும். புதியவரின் கால் தன்னையறியாமல் உரசிக்கொண்டே இருக்கும். பாவம், அது எந்தக் கட்டளைக்குத்தான் கீழ்ப்படியும்? ஓய்வுபெற்ற பந்தயக் குதிரை என்றால் இன்னும் வம்பு. பயத்தில் கடிவாளத்தை இறுக்கினால், பல குதிரைகள் அதில் சாய்ந்துகொண்டு வேகமெடுக்கும். பழக்கம் அப்படி.

தினமும் பல குதிரைகளில் ஏறி இறங்கும் தொழில்முறையாளர் இதையெல்லாம் திருத்திவிடுவார். ஞாயிறு மட்டும் வருபவருக்கு வேண்டியது, லாரி ஹாரனுக்கு மிரளாத, பிழை பொறுக்கும், நடுவயது தாண்டிய குதிரை. நண்பர் அதைச் 'சோம்பேறி' என்கிறார். சேணத்தில் ஆள் சரிவது தெரிந்ததும் தானே நின்றுவிடும் சோம்பேறி அது. மிச்சமாகும் காசைப் பயிற்சியாளரிடம் கொடுக்கட்டும்.