மீன் துப்பாக்கி

துப்பாக்கி என்றதும் நமக்கு வெடிமருந்தே நினைவுக்கு வரும். இந்தோனேசியாவின் பஜாவு மக்கள் தம் கையாற் செய்யும் மீன் துப்பாக்கிக்கு அது வேண்டியதில்லை. நீண்ட மரத்தண்டு, அதன்மேல் கூரிய இரும்புக் கம்பி, உந்துவதற்கு றப்பர்ப் பட்டி. பட்டியை இழுத்து மாட்டி விசையை அழுத்தினால் கம்பி பாயும். ஆனால் நெடுந்தூரம் பாயாது. ஆகவே, மூச்சடக்கி மீனின் அருகே செல்லல் வேண்டும்.

அம்மக்களின் மண்ணீரல் அயலிலுள்ள சலுவான் மக்களினதைவிட ஏறத்தாழ 50 வீதம் பெரிதென 2018இல் ஓர் ஆய்வு கண்டது. மூழ்குகையில் அது சுருங்கி, ஒட்சிசன் தாங்கிய செங்குழியங்களைக் குருதியிற் சேர்க்கிறது.

இப்பொழுது சிலர் படகிலுள்ள காற்றழுத்தியிலிருந்து குழாய்வழி சுவாசித்து, நெடுநேரம் ஆழத்தில் வேட்டையாடுகின்றனர். விரைந்து மேலெழுந்து முடமானோரும் அவருள் உளர். மூச்சு முட்டியதும் மேலே வரவேண்டியிருந்ததே முன்னோரைக் காத்தது என எண்ணுகிறோம்.